ஈயின் தலையும் மனிதரின் மாண்பும்

1958-இல் வெளிவந்த ‘தி ஃபிளை’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை வெறும் திகில் படமென ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. ஜார்ஜ் லாங்கலானின் சிறுகதையைத் தழுவி, கர்ட் நியூமன் இயக்கிய இப்படத்தின் கதை கனடாவின் மான்ட்ரியால் நகரில் நிகழ்கிறது.

ஆந்த்ரே என்னும் அறிவியலாளர், பொருள்களை அணுக்களாகச் சிதைத்து வேறோரிடத்தில் மீண்டும் ஒன்றுசேர்க்கும் கருவியை உருவாக்குகிறார். முதலில் அனுப்பிய தட்டின் எழுத்துகள் இடம் வலமாகின்றன. பின்னர் அனுப்பிய பூனை திரும்பவேயில்லை. வெற்றிடத்தில் அதன் ஓலம் மட்டுமே கேட்கிறது. அந்த ஓலத்தோடு அவர் நின்றிருக்கலாகாதா? கருவியைத் திருத்தி, இறுதியில் தம்மையே தனிமையில் சோதனைக்கு உட்படுத்துகிறார். உள்ளே ஓர் ஈ இருந்ததை அவர் காணவில்லை. ஈயின் தலையும் காலும் அவருக்கு. அவருடைய தலையும் கையும் ஈக்கு!

அறிவு இறைவனின் கொடையே. அதைத் தேடுவது பாவமன்று. அவசரமும், எவரிடமும் கலந்துகொள்ளாத தனிமையுமே ஆந்த்ரேயை வீழ்த்தின.

பேச்சிழந்த ஆந்த்ரே, மனைவி எலேனிடம் தம்மைக் கொன்றுவிடுமாறு வேண்டுகிறார். நடுங்கும் கையால் கரும்பலகையில் அவளை நேசிப்பதாகவும் எழுதுகிறார். படத்தின் உச்சம் இதுவே என்போம். முகம் மறைந்தபின்னும் அன்பு மறையவில்லை; அன்பு செய்பவர் இன்னும் மனிதரே. ஆயினும் எலேன் அவர் சொற்படி ஆலையின் அழுத்து எந்திரத்தை இயக்குகிறாள்.

இறுதியில் சிலந்தி வலையில் சிக்கி அலறும் மனிதத்தலை ஈயைக் காவல் ஆய்வாளர் கல்லால் நசுக்குகிறார். எலேன் செய்தது கொலையெனில் நீர் செய்ததும் கொலைதானே என்று ஆந்த்ரேயின் சகோதரர் பிரான்சுவா கேட்கிறார். கூர்மையான கேள்வி! ஆனால் படமோ அதற்கு விடை தேடாமல், மரணத்தைத் தற்கொலையெனக் கணக்குத் தீர்த்து, சிறுவனுக்கு உண்மைத் தேடலின் பெருமையைச் சொல்லி முடிந்துவிடுகிறது. நம் மனக்குறை இதுவே.

படம் கைவிட்ட கேள்வியை நாம் ஏற்போம். நோயால் உருக்குலைந்தவரின் படுக்கையருகே நிற்கும்போது நாம் காண்பது எதை? மாறிப்போன முகத்தையா, மாறாத மனிதரையா?