முகாமும் நம் இரங்கற் கவிதைகளும்

அகதி முகாம்களைப் பற்றித் தமிழ்நாட்டுக் கவிஞர்கள் எழுதிய நாற்பது கவிதைகளை நண்பர் ஒருவர் தொகுத்து, முன்னுரை கேட்டு அனுப்பியிருந்தார். எழுத இயலாது என்று தெரிவித்தேன். காரணம் கேட்டார். காரணத்தைச் சொல்லப் போய் அது முன்னுரையை விட நீண்டுவிட்டது.

நாற்பதில் கடல் வராத கவிதைகள் மூன்றே மூன்று. மற்றவற்றில் தோணி, அலை, பனை, கரையொதுங்கிய செருப்பு, விட்டுவந்த வீட்டின் முற்றம். இவை பொய் என்று நான் சொல்லவில்லை. 1983 ஜூலைக்குப் பின் நான்கு அலைகளாக வந்த மனிதர்கள் கடலைத் தாண்டித்தான் வந்தார்கள். ஆனால் கடலிலிருந்து நூறு மைலுக்கு இப்பால், தாரமங்கலத்தை ஒட்டிய பவளத்தானூரிலும், நாமக்கல் பக்கம் பரமத்தியிலும் ஒரு தலைமுறை பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் செய்து, பிள்ளையும் பெற்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் முன்னால் கொண்டுபோய்க் கடலை நிறுத்துவது யாருடைய தேவை? பிள்ளையின் தேவை அல்ல. அதற்கு வேண்டியது குழாயில் தண்ணீர்.

இந்தக் கடல் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. 1985-இல் 'மரணத்துள் வாழ்வோம்' வந்தபோது, அதுவரை 'நான்', 'நிழல்', 'வெறுமை' என்று புழுங்கிக்கொண்டிருந்த நம் புதுக்கவிதைக்கு ஓர் அடி விழுந்தது. விழவேண்டிய அடி. ஆனால் அந்தக் கவிஞர்கள் நிகழ்ச்சியின் உள்ளே நின்று எழுதினார்கள். நாம் அவர்களுடைய அனுபவத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டோம். துப்பாக்கி, ரத்தம், முள்வேலி, கடல். சாமான்களை வைத்துக் குடித்தனம் நடத்திவிடலாம் என்ற நம்பிக்கை நாற்பது வருஷமாக நீடிக்கிறது.

முகாம் நிகழ்ச்சி நடக்கும் இடமல்ல. நிகழ்ச்சி நின்றுபோன இடம். நம் கவிஞர்களுக்கு இது பிடிபடவில்லை. அங்கே நடப்பவை எல்லாம் மறுபடி மறுபடி நடப்பவை. தற்காலிகம் என்று சொல்லிப் போட்டுக் கொடுத்த பத்துக்குப் பத்து அடி அறை. மகன் கல்யாணம் செய்துகொண்டால் குறுக்கே ஒரு புடவை. சமைப்பது, படிப்பது, சண்டை போடுவது, புணர்வது எல்லாம் அந்தப் புடவைக்கு இருபுறமும். விடிவதற்கு முன் கழிப்பறை வரிசை. பிறகு குழாயடி வரிசை. பிறகு ஆண்கள் பெயின்ட் அடிக்கவும் சித்தாள் வேலைக்கும் போகிறார்கள். மாதத்தில் ஒரு நாள் மட்டும் யாரும் வேலைக்குப் போவதில்லை. அன்று செக்கிங். வருவாய்த் துறை அதிகாரி பதிவேட்டோடு வருவார், கியூ பிராஞ்ச் காவலரும் இருப்பார். பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அந்த மாதத்துப் பணம் சந்தேகம். பதிவே போய்விட்டால் ஆளே இல்லை.

அந்தப் பணத்துக்கு அரசாங்கத் தமிழில் 'பணக்கொடை' என்று பெயர். கொடை! பாரியும் அதியமானும் நினைவுக்கு வரவேண்டும் என்று எந்தக் குமாஸ்தா யோசித்து மொழிபெயர்த்தாரோ. 2021-இல் அதை உயர்த்தினார்கள். குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாய் 1,500 ஆயிற்று, மற்றப் பெரியவர்களுக்கு 750 ரூபாய் 1,000 ஆயிற்று, பிள்ளைகளுக்கு 400 ரூபாய் 500 ஆயிற்று. கணவன், மனைவி, இரு சிறு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500. அதே ஆண்டு ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்பது 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள், அவற்றில் ஏறத்தாழ 58,000 பேர். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகவும் அறிவிப்பு வந்தது. பல இடங்களில் கட்டியும் கொடுத்திருக்கிறார்கள். சுவர் என்பது புடவை அல்ல என்பதை அனுபவித்தவர்களுக்கு இது சிறிய விஷயமில்லை. இதைக் கிண்டல் செய்கிற புரட்சிகரம் என்னிடம் இல்லை.

பெயர் மாற்றத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஹானா ஆரெண்ட் 1943-இல், தானும் ஓர் அகதியாக அமெரிக்காவில் இருந்துகொண்டு, 'நாம் அகதிகள்' என்ற கட்டுரையை எழுதினார். அகதி என்று தங்களை மற்றவர்கள் அழைப்பது தங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதிலிருந்துதான் அது தொடங்குகிறது. அங்கே பெயரை மறுப்பது அகதி. இங்கே மாற்றுவது அரசாங்கம். பதிவேடு மட்டும் அப்படியே இருக்கிறது.

பதிவேட்டைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. நான் வங்கிக் குமாஸ்தா. சில வருஷங்களுக்கு முன் ஒரு பையன் கணக்குத் தொடங்க வந்தான். 1993-இல் இதே சேலம் மாவட்டத்தில் பிறந்தவன், பெயின்டர். தாயும் கூட வந்திருந்தார். படிவத்தில் நாட்டினம் என்ற கட்டத்தில் அவன் 'தமிழ்' என்று எழுதியிருந்தான். நான் அதை அடித்துவிட்டு, என் கையால் 'இலங்கை' என்று எழுதினேன். "நான் அதைப் பார்த்ததே இல்லீங்க சார்" என்றான், நம் ஊர்ப் பேச்சில். தாய்தான், "எழுதட்டும் மகன், எத்தனை இடத்தில எழுதியாச்சு" என்றார். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு தமிழ். எனக்கு எழுதுவதில் எந்தத் தயக்கமும் ஏற்படவில்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும். பின்னால் வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள்.

சட்டம் என் பக்கம்தான். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும். ஆக, ஒரே தாய் வயிற்றில் 1986-இல் இங்கே பிறந்த அக்காள் குடிமகள், 1993-இல் பிறந்த தம்பி அந்நியன். அந்நியச் செலாவணி விதிகளின்படி, இலங்கைக் குடிமகன் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியில்லாமல் இங்கே நிலமோ வீடோ வாங்க முடியாது, ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும் எடுக்கலாம். முப்பது நாற்பது வருஷமாக இருப்பவனுக்கு ஐந்து வருஷம்! 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னார்கள். இலங்கை அதில் இல்லை.

நம் நாற்பது கவிதைகளில் இந்தக் குமாஸ்தா எங்கே? ஒன்றில்கூட இல்லை. சிப்பாய் இருக்கிறான், அரசியல்வாதி இருக்கிறான், கவிஞன் கட்டாயம் இருக்கிறான், கண்ணீரோடு. பாலஸ்தீனத்து எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் 'வெயிலில் மனிதர்கள்' 1963-இல் வெளிவந்த சின்ன நாவல். பிழைப்புத் தேடிக் குவைத்துக்குப் போகும் மூன்று அகதிகள் காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து எல்லையைக் கடக்கிறார்கள். சோதனைச் சாவடியில் டிரைவர் கையெழுத்து வாங்கப் போகிறான். அங்கே இருக்கிற குமாஸ்தாக்கள் அவனை ஒரு நாட்டியக்காரியோடு இணைத்துக் கேலி பேசி நிறுத்திவைக்கிறார்கள். அந்தச் சில நிமிஷங்களில் தொட்டிக்குள் மூவரும் வெந்து சாகிறார்கள். துப்பாக்கி இல்லை. கெட்டவன்கூட இல்லை. குளிரூட்டிய அறையில் பொழுதுபோகாத சில பேர். கனஃபானி அகதி வாழ்வின் கொலைக் கருவியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். நாம் இன்னும் முள்வேலியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் (நான் பார்த்த முகாம்களில் முள்வேலியே இல்லை. வேலியே தேவைப்படாத ஏற்பாடு அது).

தமிழில் இந்தத் திசையில் எழுதியவர் என்று நான் சொல்லக்கூடியவர் தொ. பத்தினாதன். காலச்சுவடு 2007-இல் வெளியிட்ட 'போரின் மறுபக்கம்' முகாமுக்குள் வளர்ந்த ஒருவர் எழுதியது. அதை ஒரு பெரிய இலக்கியப் படைப்பு என்று நான் தூக்கிப் பிடிக்கவில்லை. சொன்னதையே சொல்கிறது, பல இடங்களில் கட்டுக்கோப்பு இல்லை, மனுவின் தொனி வந்துவிடுகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் மனுதான் முகாமின் இலக்கிய வடிவம். அங்கே எழுதத் தெரிந்தவன் முதலில் எழுதுவதே மனு. வாழ்வைக் கூலியாலும் அனுமதியாலும் அலைச்சலாலும் அளக்கிற அந்தப் புத்தகம், அளப்பதாலேயே நம் நாற்பது கவிதைகளைவிட உயர்ந்து நிற்கிறது. பத்தினாதன் தன்மேல் இரக்கப்படும்போது சறுக்குகிறார், கணக்குச் சொல்லும்போது எழுத்தாளராகிறார்.

இரக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இப்போது இன்னொரு சரக்கும் வருகிறது. 'தடைகளைத் தாண்டி முதல் மதிப்பெண்', 'முகாமிலிருந்து ஒரு பொறியாளர்' என்ற வகை. முகாம்களில் படித்துவிட்ட பிள்ளைகள் மாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது உண்மை. 1984-இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதில் செய்த வேலை பெரிது. மகளிர் குழுக்கள் கடனைத் தவணை தவறாமல் கட்டுவதை நானே கவுன்டரில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆனால் அந்தப் பொறியாளர் ஏன் மறுபடி பெயின்ட் டப்பாவைத் தூக்குகிறார் என்பதை அந்தக் கவிதைகள் கேட்பதில்லை. பாஸ்போர்ட்டும் குடியுரிமையும் கேட்கிற வேலைகளின் வாசலில் அவர் நின்றுபோகிறார். நம் கவிஞருக்கு அந்த வாசலில் வேலையில்லை. அவர் பட்டமளிப்பு விழாவோடு திரும்பிவிடுகிறார்.

கல்லூரியில் 'எலிஜி' என்று ஒரு வகை படித்தோம். நம்மிடமும் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. இரண்டும் இறந்தவர்களுக்கானவை. உயிரோடு குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தியைப் பார்த்துக் கையறுநிலை பாடுவது இரக்கமா, அவமரியாதையா? தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் ஒரு வேலைப்பாடு உண்டு. வில்லோடு நிற்கும் ராமன் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். வெளியூர் நண்பர்கள் வந்தால் நாம் பெருமையோடு காட்டுகிற தூண் அது. நம் கவிதைகள் நிற்கிற இடமும் அதுதான். முகாம் நமக்குத் தெரிகிறது. நாம் முகாமிலிருந்து தெரியாதபடி நிற்கிறோம்.

அந்த மூன்று கவிதைகளுக்கு வருகிறேன். ஒன்று செக்கிங் நாளில் பெயர் கூப்பிடப்படுவதற்குக் காத்திருக்கும் கிழவரைப் பற்றியது. தவறாக உச்சரிக்கப்படும் பெயருக்கும் அவர் ஆமென்று கை தூக்குகிறார், அவ்வளவுதான் கவிதை. இன்னொன்று முகாமில் பிறந்த நாயைப் பற்றியது, கொஞ்சம் கெட்டிக்காரத்தனம், ஆனாலும் நிற்கிறது. மூன்றாவது பெயின்டர் ஒருவர் எழுதியது என்று நண்பர் குறிப்பு வைத்திருக்கிறார். வேறொருவர் வீட்டுச் சுவரில் பென்சிலால் போட்ட கூலிக் கணக்கின்மேல் தானே வெள்ளையடிப்பதைப் பற்றியது. முகாம் என்ற வார்த்தையே அதில் இல்லை.

இந்த மூன்றையும் மட்டும் எட்டுப் பக்கத்தில் போடுவதாக இருந்தால் நண்பருக்கு நான் முன்னுரை எழுதித் தருகிறேன். அச்சுச் செலவில் பாதியும் என்னுடையது.