கிராமிய வீடும் ஓய்வில்லமும்: பாவாவின் லுணுகங்க குறித்துச் சில கருத்துகள்

மரபுவழிக் கிராமிய வீடுகளைத் தழுவி நவீன ஓய்வில்லங்களை அமைக்கும் போக்கு இலங்கைக் கட்டடக்கலையில் பெருமதிப்புப் பெற்றுள்ளது. ஓட்டுக்கூரை, திறந்த விறாந்தை, உள்முற்றம் ஆகியன மண்ணின் ஆன்மாவை வெளிப்படுத்துவன எனப் பாராட்டப்படுகின்றன. இவ்வடிவங்கள் எத்தகைய உழைப்பு வாழ்விலிருந்து தோன்றின, எவ்வர்க்கத்தின் பயன்பாட்டுக்கு மாறின என்பவற்றை முதலில் நோக்குவது அவசியமெனக் கருதுகின்றோம்.

இப்போக்கின் முதன்மையாளர் ஜெஃப்ரி பாவா (1919–2003). 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உருக்கும் கண்ணாடியும் அரிதாயின. களிமண் ஓடும் உள்ளூர் மரமும் கருங்கல்லும் மீண்டும் இடம்பெற்றமைக்கு அழகியல் நாட்டம் மட்டுமன்றி இப்பொருளாதார நிலையும் காரணமாகும். அவர் கையாண்ட கூரையமைப்பும் மனங்கொள்ளத்தக்கது. மேலே அரைவட்டக் களிமண் ஓடுகள். கீழே ஆலையில் உற்பத்தியான நெளிசீமெந்துத் தகடுகள். மழைநீர் கசியாதிருக்க இது சிறந்த உபாயமே. எனினும், மரபு இங்கு பெரிதும் மேற்றோலாகவே நிற்கின்றது.

1948இல் பெந்தோட்டைக்கு அண்மையில், தெத்துவ வாவிக்கரையில் பாவா வாங்கிய இறப்பர்த் தோட்டமே லுணுகங்க. அதனைத் தமது நாட்டுப்புற இல்லமாக அவர் பல தசாப்தங்களாக உருமாற்றினார். மரங்கள் அகற்றப்பட்டன, குன்றின் முகடு தாழ்த்தப்பட்டது, தொலைவிலுள்ள தாதுகோபம் வீட்டிலிருந்து தெரியலாயிற்று. வீட்டுக்கும் கறுவாக் குன்றுக்கும் இடையே ஊரார் செல்லும் பாதையொன்று உண்டு. அது பார்வைக்குப் புலப்படாதவாறு பள்ளத்தில் மறைக்கப்பட்டுள்ளது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நிலப்பிரபுக்கள் தமது புல்வெளியின் தொடர்ச்சி குலையாதிருக்கக் கையாண்ட மறை அகழி உத்தியே இது. தாதுகோபம் காட்சியில் இடம்பெறுகின்றது. பாதையில் நடப்போர் இடம்பெறுவதில்லை. பாவாவின் மறைவுக்குப் பின்னர், கட்டணம் செலுத்தும் விருந்தினர் தங்குமிடமாகவும் லுணுகங்க மாறியமையால், அக்காட்சியே விற்பனைப் பண்டமும் ஆயிற்று.

பழைய வீட்டை நாம் இலட்சியப்படுத்தவில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் திண்ணையில் யார் அமரலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது. ஆயினும் அவ்வீட்டின் முற்றத்தில் நெல் காய்ந்தது. உழைப்பு கண்முன்னே நிகழ்ந்தது. ஓய்வில்லத்தின் முற்றமோ பார்ப்பதற்கே உரியது. பயன்பெறுமானம் நீங்கி உருவம் மட்டும் எஞ்சுகின்றது.

இதனால் மரபைக் கைவிட வேண்டுமென்பது எமது வாதமன்று. காற்றையும் நிழலையும் மழையையும் அறிந்து கட்டிய அறிவு மக்களின் கூட்டு அனுபவம். அது மக்களின் குடியிருப்புகளுக்கே மீள வேண்டும். 1950களில் கண்டி வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தில், குடியேறவிருந்த அரசாங்க ஊழியரின் தேவைகளைக் கேட்டறிந்து வீடுகளை வடிவமைத்தார் மினெட் டி சில்வா. ஓய்வில்லங்களின் புகழில் மங்கிப்போன அவ்வழியே இன்று மீட்டெடுக்கத்தக்கது.