ஒற்றை ஆள் வாத்தியார்

2012-ல் வந்த 'சாட்டை' பார்த்திருப்பீர்கள். அரசுப் பள்ளியைச் சமுத்திரக்கனி சரிசெய்கிறார். தம்பி ராமையா முட்டுக்கட்டை போடுகிறார். நல்ல படம்தான். ஆனால் பாரம் முழுக்க ஒருத்தர் தோளில். நாளைக்கே அவருக்கு மாறுதல் ஆர்டர் வந்தால்?

2009 கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது; பாதிப் பேர் பெண்கள். வாத்தியாருக்குத் துணை அங்கேதான். சரி, குமரிக் கடற்கரையில் கடியப்பட்டணம் மாதிரி ஊரில் வேலைநாள் பிற்பகலில் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? அப்பா கடலில், அம்மா மீன் கூடையோடு சந்தையில். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கூட்டம் வைக்கத் தலைமை ஆசிரியரை அதிகாரிகள் அனுமதிக்கட்டும். (வாத்தியாருக்குப் பதில் விடுப்பு உண்டு என்று எழுதியும் கொடுக்கட்டும்!)