ஒரு கிராம் குண்டு எதற்கு உதவும்?

துப்பாக்கியின் காலிபர் என்பது குழலின் உள்விட்டம். .17 என்றால் ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்ததில் பதினேழு பங்கு, ஏறக்குறைய 4.3 மி.மீ. என்.சி.சி. முகாமில் சுட்டுப் பழகியவர்களுக்குத் தெரிந்த .22 குண்டு 5.6 மி.மீ., ஏர் ரைபிள் ரவை 4.5 மி.மீ. ஆக, .17 குண்டின் தடிமன் கிட்டத்தட்ட ஏர் ரைபிள் ரவையின் தடிமன்தான். அதைப் பின்னாலிருந்து தள்ளுவது மட்டும் காற்றல்ல, வெடிமருந்து.

இந்த அளவில் அதிகம் விற்பது .17 எச்.எம்.ஆர். 1959-ல் வந்த .22 மேக்னம் தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி, ஹார்னடி நிறுவனம் 2002-ல் இதைக் கொண்டுவந்தது. குண்டின் எடை 17 கிரெய்ன், அதாவது 1.1 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் விநாடிக்கு சுமார் 777 மீட்டர், ஆற்றல் 332 ஜூல். சாதாரண அதிவேக .22 தோட்டா 2.6 கிராம் குண்டை விநாடிக்கு 380 மீட்டர் வேகத்தில்தான் அனுப்புகிறது. அதன் ஆற்றல் 190 ஜூல். .22 குழல்வாயிலேயே காட்டும் வலுவை எச்.எம்.ஆர். 90 மீட்டரிலும் ஏறக்குறைய அப்படியே கையில் வைத்திருக்கிறது.

வேகத்தால் கிடைக்கும் முதல் லாபம் நேர்ப்பாதை. 91 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில், 183 மீட்டரில் குண்டு ஒரு சாண் அளவே, சுமார் 22 செ.மீ., தாழ்கிறது. 130 மீட்டர் வரை கணக்குப் போடாமல் நேராகக் குறிவைத்தாலே போதும். உதைப்பு அநேகமாக இல்லை. சுட்டவரின் கண் ஸ்கோப்பை விட்டு விலகாததால், குண்டு எங்கே பட்டது என்பதை அவரே பார்த்துவிடுகிறார். அட்டவணைகளில் ஏறாத இந்த வசதிதான், பழகியவர்கள் இதை விட மறுப்பதற்குப் பெரிய காரணம்.

பலவீனம் காற்று. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் காற்று குறுக்கே வீசினால், குண்டு 91 மீட்டரில் சுமார் 8 செ.மீ. விலகுகிறது, 137 மீட்டரில் 20 செ.மீ.; 183 மீட்டரில் 38 செ.மீ. குறியோ முயல் தலை அளவு. தூரம் இரட்டிக்கும்போது விலகல் நான்கு மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. 200 மீட்டர் துப்பாக்கி என்ற விளம்பரம் காற்று அசையாத காலைப் பொழுதுக்கு மட்டுமே பொருந்தும்.

அமெரிக்கச் சமவெளிகளில் மேய்ச்சல் நிலத்தைக் குடைந்து வளை போடும் பிரெய்ரி நாய் என்ற அணில் இனம், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பயிரை அழிக்கும் முயல்: இந்தத் தோட்டா பிறந்தது இவற்றுக்காக. பிளாஸ்டிக் முனை கொண்ட குண்டு பட்டவுடன் சிதறுவதால், கல்லில் தெறித்து எங்கோ பறக்கும் ஆபத்து .22 ஈயக் குண்டைவிடக் குறைவு. அறவே இல்லை என்று நம்பிவிடக் கூடாது. அதே சிதறலால், உடம்பில் பட்ட முயலின் கறி கெட்டுவிடும். சமைப்பதற்கானால் தலையில்தான் சுட வேண்டும். நரி என்றால் கிட்டத்தில், கைப்பழக்கம் உள்ளவருக்கு மட்டும். மானுக்கு இது ஆகவே ஆகாது. இங்கிலாந்துச் சட்டம் முன்ட்ஜாக் என்ற சிறுமானுக்கே குறைந்தது .22 காலிபர் கேட்கிறது.

செலவையும் ஓசையையும் பார்த்தால் பழைய .22 முந்திக்கொள்கிறது. ஒரு எச்.எம்.ஆர். தோட்டாவின் விலைக்குப் பல .22 தோட்டாக்கள் வாங்கலாம். இரண்டிலுமே பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருப்பதால், காலிக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்த வழியில்லை. ஒலியின் வேகத்துக்குக் கீழே ஓடும் .22 தோட்டாவைச் சைலன்சரோடு சுட்டால் பக்கத்து வளை முயல்கூடத் திரும்பிப் பார்க்காது, எச்.எம்.ஆரின் சாட்டையடி ஓசையைச் சைலன்சராலும் மறைக்க முடியாது.

இதைவிட வேகம் வேண்டியவர்களுக்கு, அடிப்பகுதியின் நடுவில் பற்றும் தோட்டாக்கள் இருக்கின்றன. 1971-ல் வந்த .17 ரெமிங்டன் 1.6 கிராம் குண்டை விநாடிக்கு 1,230 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. குண்டு உள்ளேயே சிதறி நின்றுவிடுவதால் தோலில் பெரும்பாலும் ஒரு சிறு துளையே விழுகிறது. ஆகவே தோல் விற்கும் வேட்டைக்காரர்களுக்கு இது பிடித்தது. ஆனால் மெல்லிய குழலில் செம்புப் படிவு சீக்கிரம் ஏறிக் குறி சிதறத் தொடங்குகிறது. துடைக்கத் தனி மெல்லிய கம்பி வேண்டும்; .22 கம்பி உள்ளே நுழையாது. மருந்தை நிரப்பும்போது நேரும் சிறு எடை வேறுபாடும் இவ்வளவு சின்னக் கூட்டில் பெரிதாகத் தெரியும். 2004-ல் வந்த .204 ரூகர் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது. 2.1 கிராம் குண்டு, விநாடிக்கு 1,288 மீட்டர். காற்றையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

50 மீட்டருக்குள் வேலை முடிகிறவர்களுக்கு .22 போதும். 200 மீட்டருக்கு அப்பால் .204 அல்லது அதைவிடப் பருமனான .223 தோட்டா வேண்டும். இடைப்பட்ட தூரத்தில், காற்றில்லாத நாளில், சிறு குறிக்கு எச்.எம்.ஆரைப் போல் வசதியானது வேறில்லை. வீட்டில் ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் இடம் என்றால், அது .22 ஆகவே இருக்கட்டும்.