வேர்க்கிற ஊரில் நைட்ரஜன்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தே ஓ ஐஸ் வாங்கி மேசையில் வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். அதற்குள் கிளாஸைச் சுற்றித் தண்ணீர் வடிந்து குட்டை கட்டியிருக்கும். நம் ஊர்க் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே ஈரத்தைக் கக்கிவிடும். அப்படிப்பட்ட ஊரில், மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை மதர்போர்டின் நட்டநடுவில் ஊற்றுகிறார்கள் ஓவர்கிளாக்கிங் பித்துப் பிடித்த பையன்கள்.

சிப்பை அதன் வரம்புக்கு மேல் ஓட்ட மின்னழுத்தம் கூட்ட வேண்டும். கூட்டினால் சூடு, சூட்டினால் கசிவு மின்சாரம், கசிவினால் இன்னும் சூடு. உறைகுளிர் இந்தச் சுழலை அறுக்கிறது. விஞ்ஞானம் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் கைவேலை.

கிள்ளானில் தெரிந்த தம்பி ஒருவர் வீட்டில் பார்த்தேன். சிப்பு லோ யாட்டில் வாங்கியது. ஊற்றியது அரை மணி நேரம். போர்டைப் போர்த்தவே ஒரு மத்தியானம் ஆனது. பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் சாக்கெட்டின் சந்துபொந்தெல்லாம் விரலால் வாசலின் பூசினார். அதன்மேல் ஓவியர்கள் பிசைந்து அழிக்கும் ரப்பர், கருப்பு நுரைப்பட்டை, கடைசியாகப் பேப்பர் டவல். ஊசிமுனை இடைவெளி போதும், காற்று நுழைந்து பனியாகிவிடும். பனியாக இருக்கும்வரை பயமில்லை, உருகும்போதுதான் ஷார்ட்.

பிறகு சிப்பின்மேல் உட்கார்ந்த செம்புக் குவளையில் முதல் மடக்கு. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி துளிகள் உருண்டோடின. இரண்டுக்கும் ஒரே காரணம்: துளி தன் ஆவிமேலேயே மிதக்கிறது. லைடன்பிராஸ்ட் என்பவர் 1756இல் எழுதிவைத்தது. செம்பு நன்றாகக் குளிர்ந்ததும் சட்டென்று ஒரு சீற்றம், பொங்கல், அப்புறம் அமைதி. தம்பி வெப்பமானியைப் பார்க்கவே இல்லை, காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தார். 400 வாட் இழுக்கும் சிப்பு ஒரு லிட்டரை ஏழு நிமிடத்துக்குள் குடித்துவிடும். குறைத்து ஊற்றினால் சூடேறி மெஷின் படுக்கும். கூட்டினால் சில சிப்புகள் குளிர் தாங்காமல் உறங்கிவிடும், 'கோல்ட் பக்' என்பார்கள். அப்போது அதே குவளையைக் கேஸ் டார்ச்சால் சுட வேண்டும்!

ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 690 லிட்டர் வாயுவாகும். ஜன்னலை மூடினால் மூச்சு முட்டும், திறந்தால் கிள்ளானின் ஈரம் உள்ளே வரும். கதவைப் பாதி திறந்து, ஏர்கானையும் ஓடவிட்டிருந்தார்.

2011இல் அமெரிக்காவில் ஏஎம்டி எஃப்எக்ஸ்-8150 சிப்பைத் திரவ ஹீலியத்தில் 8.429 கிகாஹெர்ட்ஸ்வரை ஓட்டிக் கின்னஸில் ஏறினார்கள். பிற்பாடு 9ஐயும் தாண்டியாயிற்று. இருக்கட்டும். அவர்களை ஒரு மழைக்கால மாலை இங்கே வந்து போர்த்திக் காட்டச் சொல்ல ஆசை.

முடிந்ததும் தம்பி திரையைக் காட்டவில்லை. ரப்பரை மெல்ல உரித்தார். அடியில் போர்டு காய்ந்திருந்தது, ஒரு மூலையில் மட்டும் மிளகளவு ஈரம்.

"இங்க விட்டுட்டேன்லா, அண்ணே" என்றார், விரலால் ஒற்றியெடுத்தபடி.