பிரார்த்தனை நூலும் முன்னறைத் தரையும்

யூதரின் நாளாந்தப் பிரார்த்தனை நூலுக்குச் ‘சித்தூர்’ என்று பெயர். சமய நூல்தானே என்று அதனை ஒதுக்கிவிடாமல், ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாகத் தன் வாயால் ஓதிவந்த இலக்கியமாக அதனை நாம் வாசித்தல் வேண்டும். சொல்லை மட்டும் ஆராய்ந்து அமைவது திறனாய்வாகாது. எவர் எவ்விடத்திலிருந்து அச்சொல்லை ஓதினர் என்பதும் நூற்பொருளின் பகுதியேயாகும்.

இதற்கு நமக்கு அண்மையிலுள்ள சான்று கொச்சி. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடத்தினர் ‘சிங்கிலி’ என்னும் வழிபாட்டு மரபினர். சிங்கிலி என்பது கொடுங்கல்லூரின் பழைய பெயர். இம்மரபினருக்கான எபிரேய நூல்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே ஆம்ஸ்ரர்டாமில் அச்சேறின.

காலைப் பிரார்த்தனையின் தொடக்கத்தில் ஆண்மகன் ஓதும் மூன்று நன்றிகள் உண்டு: தன்னைப் புறச்சமயியாகவோ, அடிமையாகவோ, பெண்ணாகவோ படைக்காமைக்காக. இந்த இரண்டாம் நன்றியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் வைத்துப் படித்துப் பாருங்கள். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களும் அங்கே யூதரே. நூலும் ஒன்றே, மொழியும் ஒன்றே. ஆயினும் அவர்களுக்கு உள்ளே இருக்கை இல்லை. பின்புறத் தரையோ முன்னறையோதான் அவர்களுக்கு உரியது. தோரா வாசிக்க அவர்களை அழைப்பாரும் இல்லை.

குறை மாந்தருடையது, நூலுடையதன்று என்பர் சிலர். இதனை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. அடிமைத்தனம் கூடாது என்று அந்த நன்றி கூறவில்லை. அது தன்மேல் விழவில்லை என்று மகிழ்கின்றது, அவ்வளவே. ஆனால் அதே மரபின் பாஸ்கா விழா நூல், எகிப்தில் நம் முன்னோர் அடிமைகளாயிருந்தனர் என்பதை ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றது. ஒரே மரபுக்குள் இரண்டு குரல்கள்! ஏ. பி. சேலம் (1882–1967) அவ்வழித்தோன்றல்களுள் ஒருவர், வழக்கறிஞர், கொச்சிச் சட்டசபையிலும் இருந்தவர். தம் மரபை உதறாமலே அவர் போராடினார். காந்தியடிகளின் வழியில் புறக்கணிப்பையும் உண்ணாவிரத எச்சரிக்கையையும் கைக்கொண்டார். தடைகள் ஒவ்வொன்றாகவே தளர்ந்தன.

இது பிறர் கதையென்று யாழ்ப்பாணத்து வாசகர் சிரிக்கவியலாது. திருநாளைப்போவார் புராணத்துக்கு நம் கோயில்களில் பயன் சொல்லி உருகியோர், நந்தனாரின் உறவினரை வெளிவீதியில் நிறுத்திவைத்தனர். உடுவிலிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கே சென்றால் மாவிட்டபுரம். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்த பின்னரும், 1968இல் அக்கோயில் வாயிலில் மக்கள் போராடவேண்டியிருந்தது. ஏட்டில் இருக்கும் நந்தனாருக்குக் கண்ணீர் வடிப்பது எளிது.

மூன்றாம் நன்றியைப் பற்றியும் ஒரு சொல். பெண்ணாகப் பிறவாமைக்கு ஆடவர் நன்றி கூறிய அதே கொச்சியில், பெண்கள் விவிலியக் கதைகளையும் திருமண வாழ்த்துகளையும் மலையாளத்திற் பாடினர். கையெழுத்துக் குறிப்பேடுகளில் அவற்றை எழுதிப் பேணினர். ஆடவர் முன்னிலையிலும் பாடினர். அச்சு நூலின் எபிரேயம் பெரும்பாலும் எங்கும் ஒன்றே. கொச்சியின் ஊர்மொழியும் வீட்டுநடப்பும் விழாக்களையும் அறியவேண்டுமாயின் இந்தக் குறிப்பேடுகளையே நாம் நாடவேண்டும். 1948இன் பின்னர் அச்சமுதாயத்தினருட் பெரும்பாலார் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அவையும் உடன் சென்றன. அப்பாடல்களின் தொகுப்பொன்று 2005இல் எருசலேமில், மலையாளமும் எபிரேய மொழிபெயர்ப்பும் அருகருகே நிற்க வெளிவந்தது.