ஸிகில்லிய்யாவில் இப்னு ஜுபைர்: ஒரு தந்தையும் மகளும்

அரபுப் பயண இலக்கியத்தில் இப்னு ஜுபைரின் 'ரிஹ்லா'வுக்குத் தனியிடம் உண்டு. கஅபாவையும் திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலையும் அவர் வருணித்த பக்கங்களையே அறிஞர்கள் பெரிதும் எடுத்தாள்வர். ஆயினும், அவரது எழுத்தாற்றல் முழுமையாக வெளிப்படுவது ஸிகில்லிய்யா, அதாவது சிசிலித் தீவைப் பற்றிய பகுதியிலேயே என்பது நமது துணிபு.

ஹஜ்ஜை முடித்து, 1184 அக்டோபரில் அக்காவிலிருந்து ஜெனோவாக்காரரின் கப்பலில் புறப்பட்டார் அவர். டிசம்பரில் மெஸ்ஸினா நீரிணையில் அக்கப்பல் உடைந்தது. படகுக்கூலி கொடுக்க வழியற்ற ஏழை முஸ்லிம்களுக்காக நார்மன் மன்னர் இரண்டாம் வில்லியமே பணம் அளித்தார். பின்னர் வடகரையை ஒட்டிச் சிறுபடகில் ஷஃப்லூதீ, தெர்மினி வரை சென்று, பலெர்மோ வழியாகத் தராபனிஷ் துறைமுகத்தை அடைந்தார் இப்னு ஜுபைர்.

மன்னரின் அரபுப் புலமையையும், முஸ்லிம் பணியாளர்மீது அவர் வைத்த நம்பிக்கையையும் நூல் மனமாரப் புகழ்கிறது. அதே நூல், முஸ்லிம் வீடுகளுக்குள் புகுந்திருந்த அச்சத்தையும் காட்டுகிறது. தந்தை மகனைக் கடிந்துகொண்டால், தாய் மகளிடம் சினந்தால், கோபித்த பிள்ளை தேவாலயத்தில் புகுந்து ஞானஸ்நானம் பெற்றுவிடலாம். பிறகு பெற்றோருக்கு அப்பிள்ளை இல்லை. ஆகவே பெற்றோர் தம் பிள்ளைகளுக்கே அஞ்சி, அவர்களிடம் இணங்கி நடந்தனர்.

தராபனிஷில் ஒரு செல்வாக்குள்ள மனிதர், தம் இளம் மகளை மணந்து அழைத்துச் செல்லுமாறு, அல்லது தகுந்த ஒருவருக்கு மணமுடித்து வைக்குமாறு, ஹாஜி ஒருவரை வேண்டினார். மகளிடம் கலந்தபோது, தன்னைத் தடுத்து நிறுத்தினால் அதற்குத் தந்தையே பொறுப்பாளி என்றாளாம் அத்தாயில்லாப் பெண்.

மன்னரின் நீதியைப் போற்றும் பேனா, மக்களின் கண்ணீரையும் எழுதுகிறது. இது முரண்பாடாகத் தோன்றலாம். இரண்டையும் இணக்கிக் காட்ட ஆசிரியர் முயலவில்லை. வழக்கமான துஆவாலும் சாபச் சொல்லாலும் ஆங்காங்கே கடந்துவிடுகிறார் என்பது குறையே. எனினும் அம்முரண்பாட்டை மறைக்காததே நூலின் நேர்மை. அரசனின் தனிப்பட்ட நற்குணம் ஒரு சமுதாயத்துக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதை அவர் வாதிட்டு நிறுவவில்லை; ஒரு வீட்டின் வாசலில் நிறுத்திக் காட்டிவிட்டார்.

வில்லியம் 1189இல் இறந்தார். அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடெரிக், எஞ்சிய முஸ்லிம்களை இத்தாலியின் லூசேராவுக்குக் குடிபெயர்த்தார். 1300இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது. வருவதை அத்தந்தை முன்னரே உணர்ந்திருந்தார்.